அகலமா வரையறவங்களுக்கு போன்ல இடம் இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல, லேண்ட்ஸ்கேப், அதாவது நிலக்காட்சி வரையறவங்க எல்லாம் ஆன்லைனுக்கு வந்துட்டாங்க, இனி கேலரிய நம்பிக் கெடக்க வேணாம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. பாதி சரிங்க. யார் தயவும் இல்லாம நம்ம படத்த நாலு பேர் பாக்கறது பெரிய விஷயம்தான், நானும் பல வருஷமா அப்படித்தான் போட்டுட்டு வரேன். ஆனா போன்க்குள்ள போறப்போ படத்துக்கு என்ன ஆகுதுன்னு கட்டுரைல ஒரு வரி கூட இல்லையே, அதான் எழுதறேன்.

நிலக்காட்சின்னா பெரும்பாலும் படுக்கை வாட்டம், அடிவானம் அப்படியே இழுத்துட்டுப் போகணும். போனோ நெட்டுக்குத்தா நிக்குது. இன்ஸ்டாகிராம் 2010ல வந்தப்போ சதுரம் மட்டும்தான், 2015லதான் அகலப் படத்த முழுசா போட விட்டாங்க, 2025ல ப்ரொஃபைல் கட்டத்தையே உயரமா மாத்திட்டாங்க. அகலமான படம் நடுவுல ஒரு பட்டை மாதிரி தெரியும், விரலால ஒரு தள்ளு, போயே போச்சு. இதுக்கு பயந்து எனக்குத் தெரிஞ்ச சிலர் படத்தையே உயரமா வரைய ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு மரம், ஒரு பாதை, மேல கொஞ்சம் வானம், லைக் வந்துடும். சமவெளிய வரையற ஆளு எங்க போவாரு?

அளவு இன்னும் மோசம். 4 அடி அகலத்துல ஒரு கான்வாஸ்னு வைங்க, அத 1080 பிக்சலுக்கு சுருக்கினா ஒரு அங்குலத்துக்கு 22 பிக்சல் சொச்சம்தான் கிடைக்கும், அதாவது ஒரு பிக்சலே 1 மில்லிமீட்டருக்கு மேல. கரையோரம் மெல்லிசு பிரஷ்ல ஒண்ணொண்ணா இழுத்த புல்லு மொத்தமும் ஒரு பச்சைத் திட்டா ஆயிடும். பாரிஸ் ஒராஞ்சரி மியூசியத்துல 1927ல இருந்து இருக்கிற பிரெஞ்சு ஓவியர் மோனேவோட அல்லிக்குளம் ஓவியங்கள் சுமார் 2 மீட்டர் உயரம், சுவரோட வளைஞ்சு போகும். இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 22ல வரைஞ்ச மேகப் படங்கள் சின்னச் சின்னது. போன்ல ரெண்டும் ஒரே சைஸ்!

கலர் பத்தி கேக்கவே வேணாம். அதிகாலை மூட்டத்த சாம்பல்லயே நாலஞ்சு வாஷ் (தண்ணி கலந்த மெல்லிசு பூச்சு) ஏத்தி கொண்டு வந்திருப்போம், போன் கேமரா அத வெளிச்சம் பத்தாத போட்டோன்னு நெனச்சு தானாவே தெளிவாக்கி மூட்டத்த கலைச்சு விட்டுடும். சாயங்கால மஞ்சள, கேமரா தானா கலர சரி பண்ற ஒயிட் பேலன்ஸ் வெளுக்க வச்சிடும். அதனால மேகமூட்டமான பகல் வெளிச்சத்துல எடுத்து, அசல பக்கத்துலயே வச்சுக்கிட்டு கண்ணால ஒப்பிட்டு கலர சரி பண்ணித்தான் போடணும், ஃபில்டர் பக்கமே போகக் கூடாது. (படம் வரைஞ்ச நேரத்த விட அத ரீல்ஸா வெட்டற நேரம் அதிகமாயிட்டிருக்கு, அந்தப் புலம்பல் தனிக் கடிதம்.)

போடாதீங்கன்னு சொல்லல. ஆன்லைன் ஒரு அழைப்பிதழ்ங்க, அதையே கல்யாணம்னு எழுதிட்டீங்க, அதுதான் என் வருத்தம். முழுப் படம் ஒண்ணு வெட்டாம, கிட்டக்க எடுத்தது ரெண்டு மூணு, சுவத்துல மாட்டி பக்கத்துல ஒரு ஆள் நிக்கற மாதிரி ஒண்ணு, இதெல்லாம் சேத்துப் போட்டா பாக்கறவங்களுக்கு படம் எவ்ளோ பெருசுன்னு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். கூடவே அளவு, ஆயிலா வாட்டர்கலரா, நேர்ல உக்காந்து வரைஞ்சதா இல்ல போட்டோ பாத்தா, எந்த நேரம்னு எழுதணும். கான்ஸ்டபிள் அந்த மேகப் படங்கள் பலதுக்குப் பின்னாடி தேதி, மணி, காத்து எந்தப் பக்கம் அடிச்சதுங்கற வரைக்கும் எழுதி வச்சிருக்காரு, நமக்கு கேப்ஷன்ல ரெண்டு வரி எழுத சோம்பல்.

உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அந்தக் கட்டுரையோட வந்த படங்களுக்குக் கீழ ஓவியர் பேர் மட்டும்தான் இருக்கு, அளவும் இல்ல, எதுல வரைஞ்சதுன்னும் இல்ல. அடுத்த தடவை போடுங்க சார், இடம் பத்தலைன்னா பாராட்டு வரிகள்ல ரெண்ட வெட்டிக்கலாம்.

இப்படிக்கு,
வாட்டர்கலர்ல காலம் தள்ளற ஒரு வாசகர்