ஆற்றில் சுற்றிய ஐஸ் வட்டு

அன்புள்ள கண்ணா,

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், உன் போர்ட்லேண்டுக்குப் பக்கத்து ஊர் வெஸ்ட்புரூக்கில், 2019 ஜனவரியில் பிரசம்ப்ஸ்காட் ஆற்றில் சுற்றிய ஐஸ் வட்டின் வீடியோ பார்த்தேன். சுமார் 90 மீட்டர் அகலம்! மேலே வாத்துகள் வேறு ஓசிச் சவாரி. "யாரும் தள்ளாமல் எப்படிம்மா சுற்றுகிறது?" என்று கேட்டிருக்கிறாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

தள்ளுவது ஆறுதான். ஓட்டம் ஒரு பக்கம் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் இருந்தால் நடுவில் சுழி விழும். அதில் மாட்டிய ஐஸ், சுழியோடு சேர்ந்து திரும்பும். திரும்பத் திரும்ப விளிம்பு கரையிலும் மற்ற ஐஸிலும் உரசி, மூலைகள் தேய்ந்து வட்டமாகிவிடும். யாரோ அறுத்து வைத்தது போலத் தெரிவது அதனால்தான்.

ஆனால் ஓட்டமே இல்லாத தண்ணீரிலும் ஐஸ் வட்டு சுற்றும். பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் 2016இல் இதைச் சோதித்து எழுதினார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கதைதான். தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் இருப்பது 0 டிகிரியில் இல்லை, 4 டிகிரியில். ஐஸை ஒட்டிய தண்ணீர் குளிர்ந்து 4 டிகிரியை நெருங்கும்போது, சுற்றியுள்ள வெதுவெதுப்பான தண்ணீரைவிடக் கனமாகிக் கீழே இறங்கும். அந்த இடத்தை நிரப்பப் பக்கத்துத் தண்ணீர் உள்ளே வரும். வரும் தண்ணீரில் துளி சுழற்சி இருந்தாலும், மையத்தை நெருங்க நெருங்க அது வேகமெடுக்கும். சிங்க்கில் தண்ணீர் இறங்கும்போது விழும் சுழி மாதிரிதான், ஓட்டை மட்டும் கிடையாது. அந்தச் சுழி மேலே மிதக்கும் வட்டையும் இழுத்துச் சுற்றுகிறது. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாகச் சுற்றும்.

வெஸ்ட்புரூக் வட்டுக்கும் இதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ஜனவரியில் அந்த ஆறு கிட்டத்தட்ட உறையும் குளிரில் இருக்கும். கனமாகிக் கீழே இறங்க வெதுவெதுப்பான தண்ணீருக்கு அங்கே எங்கே போவது? அத்தனை பெரிய ஐஸைச் சுற்றச் சுழியின் பலம்தான் வேண்டும்.

நம்பாவிட்டால் செய்து பார். வட்டமான டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வை. அகலமான டப்பில் தண்ணீர் பிடித்து, அரை மணி நேரம் தொடாமல் விடு. பிடித்த கையோடு ஐஸைப் போட்டால் குழாயின் கலக்கம்தான் சுற்றும். விளிம்பில் ஒரு மைப்புள்ளி வைத்து, மெதுவாக மிதக்க விடு. பச்சைத் தண்ணீரில் ஒரு முறை, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை. பூமி சுற்றுவதால்தான் எல்லாம் என்று உன் மாமா சொல்வார், தலையாட்டிவிட்டு வா. டப் அளவில் அதன் விளைவு ஒன்றுமே இல்லை.

வீடியோ எடுத்து அனுப்பு. ஆற்றில் வட்டு மறுபடி வந்தால் கரையிலிருந்து பார், மேலே மட்டும் ஏறாதே. வாத்து வேறு, நீ வேறு.

அம்மா