புள்ளி வைக்க மறுத்தவர்கள்

காயின்டா, ரிசால் மாகாணம்,
பிலிப்பைன்ஸ்.
மார்கழி 7 (டிசம்பர் 22)

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். தங்கள் நலத்தையும், பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன். தங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்களாகின்றன. "333 ஆண்டுகள் ஸ்பானியர் ஆண்ட நாட்டில் அந்த மக்களுடையது என்று இன்னும் என்ன மிஞ்சியிருக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். நாற்பது ஆண்டுகள் தமிழ் வாத்தியாராக இருந்தவருக்கு ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பத் துணிவில்லை. இந்த ஊருக்கு வந்து ஓராண்டு நிறைந்து, இவர்களுடைய திருவிழாக்களை ஒரு சுற்று பார்த்து முடித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது படிவத்தில் பெயருக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: சொந்தப் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், குடும்பப் பெயர். நமக்கு இருப்பது தலைப்பெழுத்து மட்டும்தான் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது? கடைசியில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக்கொடுத்தேன். அதன் பலனாக இப்போது அலுவலகத்தில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. இதே சங்கடம் 1849-இல் இந்த நாடு முழுவதற்கும் நேர்ந்திருக்கிறது. அதுவரை இங்கே பலருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் சாந்தோஸ், தெ லா குரூஸ் என்று விரும்பியதைச் சேர்த்துக்கொண்டதால், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கு வேறு வேறு பெயரும், உறவே இல்லாதவர்களுக்கு ஒரே பெயருமாக இருந்தன. வரி வசூலுக்கும் மக்கள் கணக்குக்கும் இது ஒத்துவராது என்று கண்ட ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா, 60,000-க்கும் மேற்பட்ட பெயர்களை அகரவரிசையில் அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பி, குடும்பத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்படி அந்த ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் ஆணையிட்டார். சில ஊர்களுக்குப் பட்டியலின் ஒரு பக்கம் மட்டுமே போய்ச் சேர்ந்தது போலும்! ஆல்பாய் மாகாணத்தில் ஒவாஸ் என்னும் ஊரில் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் 'ஆர்' எழுத்திலேயே தொடங்குகின்றனவாம். ஆகவே இங்கே ஒருவருக்கு ஸ்பானியப் பெயர் இருப்பதைக் கொண்டு அவர் உடம்பில் ஸ்பானிய இரத்தம் ஓடுகிறது என்று எண்ணிவிட முடியாது. முப்பாட்டனார் வரிசையில் நின்று வாங்கி வந்தது என்பதே சரி.

பேச்சுக்கு வருகிறேன். இங்கே பேசும் தகாலோக் மொழியில் பெரியவர்களிடம் பேசும்போது மரியாதைக்காகச் சேர்க்கும் சொல் 'போ'. வந்த முதல் வாரத்தில், கடைக்காரர் முதல் காவலாளி வரை எல்லோரும் சிரித்த முகத்தோடு என்னைப் 'போ, போ' என்று விரட்டுவதாகவே எனக்குத் தோன்றியது. ஜீப்னி என்னும் வண்டியில் போகும்போது இறங்குமிடம் வந்ததும் 'பாரா போ' என்று குரல் கொடுக்க வேண்டும். 'பாரா' என்பது ஸ்பானியம், நிறுத்து என்று பொருள், 'போ' இவர்களுடையது. தங்கள் கேள்விக்கு இரண்டே சொல்லில் பதில் வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். அந்நியன் கொடுத்த கட்டளைச் சொல்லுக்கும் இவர்கள் தங்கள் மரியாதையைச் சேர்த்துத்தான் வாயைத் திறக்கிறார்கள். நம் மேசையும் சப்பாத்தும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை அல்லவா? இவர்கள் வீட்டிலும் 'மேசா', 'சபாத்தோஸ்' உண்டு. கிழமைகளின் பெயரும் கடிகார மணிக் கணக்கும் ஸ்பானியம். தேங்காயை எண்ணும்போது மட்டும் சொந்த எண்கள் வந்துவிடுகின்றன. ஆயினும் ஸ்பானிய மொழி பேசத் தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. பாதிரியார்கள் மக்களுக்கு ஸ்பானியம் கற்பிப்பதைவிட, தாங்கள் உள்ளூர் மொழிகளைக் கற்றுக்கொண்டு இடையில் நிற்பதையே விரும்பினர். வரும் 30-ஆம் தேதி விடுமுறை. 1896-இல் அந்த நாளில்தான் இவர்களுடைய தேசிய வீரர் ஹோசே ரிசாலை ஸ்பானியர் சுட்டுக்கொன்றனர். அதற்கு முன் அவர் எழுதிவைத்த கடைசிக் கவிதை ஸ்பானிய மொழியில் இருப்பதால், அவர் யாருக்காக உயிர் கொடுத்தாரோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதை மொழிபெயர்ப்பில்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்களைக் கண்டதும் இளையவர்கள் அவர்களுடைய கையை எடுத்துத் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு 'மானோ' என்று பெயர். மானோ என்றால் ஸ்பானியத்தில் கை. ஆனால் ஸ்பானியர் காலே வைக்காத மலாய் ஊர்களிலும் இதைப் போன்ற வழக்கம் இருப்பதால், பெயர் மட்டுமே கப்பலில் வந்தது என்று நினைக்கிறேன். வினிகரில் இறைச்சியை வேகவைக்கும் 'அடோபோ'வின் கதையும் அதுதான்.

இனி எழுதப்போவது தங்களுக்காகவே நான் தேடிப் படித்தது. கொல்லத்தில் 1578-இல் தமிழ் எழுத்தில் கிறித்தவ ஞானோபதேச நூல் அச்சானதைத் தாங்கள் வகுப்பில் சொல்வீர்கள். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1593-இல், அதே வகை நூல் ஒன்று மணிலாவில் அச்சானது. அதில் தகாலோக் மொழி ரோமன் எழுத்திலும் 'பாய்பாயின்' என்னும் இவர்களுடைய சொந்த எழுத்திலும் இருக்கிறது. பாய்பாயினும் நம் எழுத்தைப் போலவே பிராமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு மெய்யும் அகரம் ஏறியே நிற்கும். மேலே ஒரு கோடு போட்டால் இகரம், கீழே போட்டால் உகரம். ஆனால் அகரத்தை நீக்கித் தனி மெய்யை எழுத வழியில்லை. சொல்லின் இறுதி மெய்யை எழுதாமலே விட்டுவிடுவார்கள், படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். தொடக்க காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் புள்ளி இல்லாமல் படிக்கத் தாங்கள் படும் பாடு எனக்கு நினைவிருக்கிறது. 1620-இல் பிரான்சிஸ்கோ லோபஸ் என்ற பாதிரியார் இதைக் குறையாகக் கருதி, எழுத்தின் கீழே ஒரு சிறு சிலுவைக் குறி இட்டால் உயிர் நீங்கி மெய் நிற்கும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். சுருங்கச் சொன்னால், இவர்கள் எழுத்துக்கு ஒரு ஸ்பானியர் புள்ளி வைத்துக் கொடுத்தார்! மக்களோ, தங்கள் எழுத்தின் இயல்புக்கு இது பொருந்தாது என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டார்கள். சிலுவையைக் கழுத்தில் அணியச் சம்மதித்தவர்கள், அதையே எழுத்தின் அடியில் வைக்கச் சம்மதிக்கவில்லை என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் தோன்றியது. ஆனால் அந்தப் பெருமை நீடிக்கவில்லை; அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் ரோமன் எழுத்து பரவி, பாய்பாயின் தாழ்நிலங்களில் மறைந்துபோயிற்று. மின்டோரோ தீவின் மாங்யான் மக்களிடமும் பலாவான் தீவின் தாக்பன்வா மக்களிடமும் மட்டுமே அதன் உறவு எழுத்துகள் பிழைத்திருக்கின்றன. ஸ்பானிய ஆட்சியின் கை அதிகம் எட்டாத இடங்கள் அவை. இந்த ஓர் இழப்புக்கு மட்டும் நான் யாரையும் மன்னிப்பதாக இல்லை.

கடிதத்தின் தலைப்பில் மார்கழித் தேதி போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் மார்கழி பிறக்கும் டிசம்பர் 16-ஆம் தேதியன்றுதான் இங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய 'சிம்பாங் கபி' வழிபாடு தொடங்குகிறது. அன்று முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன்னே தேவாலயத்தில் பூசை. வயலுக்குப் போகிறவர்கள் போகுமுன் வந்து செல்ல வசதியாக இந்த நேரத்தை வைத்தார்கள் என்கிறார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளை எல்லோரையும் போல் நானும் 'லோலா', அதாவது பாட்டி, என்றே அழைக்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் மூன்றரை மணிக்கு என் கதவைத் தட்டி எழுப்புகிறார். தெருவெங்கும் 'பரோல்' என்னும் நட்சத்திர விளக்குகள் தொங்க, போர்வையை முக்காடிட்ட பாட்டிகள், தூக்கக் கலக்கத்தில் இழுபடும் பிள்ளைகள் என்று கூட்டம் போவதைப் பார்த்தால், ஒலிபெருக்கியில் வரும் மொழி ஒன்றுதான் சுசீந்திரத்திலிருந்து வேறுபடுகிறது. பூசை முடிந்து வெளியே வந்ததும் வாசலில் அடுப்பு. ஊதா நிறத்து ஒட்டரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து, ஆவியில் வேகவைத்து, வாழையிலையில் தட்டி, தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவிக் கொடுக்கிறார்கள். இதன் பெயர் 'புட்டோ பும்போங்'. பெயரும் குழாயும் தேங்காயும் இவ்வளவு ஒத்திருந்தும், நம் புட்டுதான் இங்கே வந்தது என்று சாதிக்க என்னிடம் சான்று இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன். ஸ்பெயினிலிருந்து வந்த வழிபாட்டுக்கு இந்த மண்ணின் அரிசி காத்துக்கொண்டு நிற்கிறது.

சுசீந்திரம் மார்கழித் தேருக்கு இந்த ஆண்டு வடம் பிடிக்க முடியவில்லையே என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். சென்ற ஜனவரி 9-ஆம் தேதி மணிலாவின் கியாப்போவில் நான் வடத்தைப் பார்த்தேன். சிலுவை சுமக்கும் இயேசுவின் கரிய மரச்சிலை, 1606-இல் மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்தது என்று சொல்லப்படுவது, ஒரு வண்டியில் நிற்கிறது. அதை இரண்டு நீண்ட வடங்களால் இழுக்கிறார்கள். அன்று வெறுங்காலோடு நடப்பதே வழக்கம். வடத்தை ஒருமுறை தொட்டுவிட மனிதர் தோள்மேல் மனிதர் ஏறுகின்றனர். சிலையருகே நிற்பவர்களிடம் துண்டை எறிந்து, ஒற்றித் தரச் சொல்லி வாங்கி முகத்தில் வைத்துக்கொள்கின்றனர். கோட்டாற்றுச் சவேரியார் தேரைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. சிலை அங்கிருந்து வந்தாலும் இழுப்பவன் கையில் இருப்பது இவ்வூர்க் கயிறுதான்.

அந்தக் கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1565 முதல் 1815 வரை, மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக் கடலைக் கடந்து போய்வந்தன. சீனப் பட்டும், நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் இங்கிருந்து போக, அங்கிருந்து வெள்ளி வந்தது. வெள்ளியோடு விதைகளும் வந்தன. கோடையில் சந்தையில் ஒரு கிழவி கூறுகட்டி வைத்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்: கொடுக்காப்புளி! பள்ளிக்கூட வாசலில் பத்துப் பைசாவுக்கு வாங்கித் தின்ற அதே சுருள் காய். பெயர் கேட்டேன், 'கமாச்சிலே' என்றாள். அந்தச் சொல் மெக்சிகோவின் பழங்குடி மொழியிலிருந்து வந்தது. மரமும் அங்கிருந்து இக்கப்பல்களில் மணிலாவுக்கு வந்து, பிறகு இந்தியாவுக்குப் பரவியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு மணிலாப் புளி என்றே ஒரு பெயர் உண்டு. சீத்தாப்பழமும் சப்போட்டாவும் இங்கே அதே அமெரிக்கக் கரையின் விருந்தாளிகள்தாம். நாம் சொந்தமென்று நினைத்துத் தின்றதைப் பற்றியும் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டு எழுதலாம், பெரியப்பா.

நான் இந்தக் காயின்டாவில் வீடு பார்த்தது வாடகை குறைவு என்பதால்தான்; ஊரின் கதை பிறகே தெரிந்தது. 1762-இல் ஆங்கிலேயர், ஸ்பெயினோடு நடந்த போரில், சென்னையிலிருந்து ஒரு படையைக் கப்பலேற்றி அனுப்பி அக்டோபரில் மணிலாவைப் பிடித்தனர். படையில் சென்னையில் திரட்டிய சிப்பாய்களும் இருந்தனர். உடன்படிக்கையாகி 1764-இல் ஆங்கிலேயர் திரும்பியபோது, சிப்பாய்களில் சிலர் கப்பல் ஏறாமல் இந்த ஊரிலேயே தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். நிறமும் மூக்கும் நம் வடசேரிச் சந்தையில் பார்த்த முகம் போலவே இருக்கின்றன. அவர் குடும்பம் அந்த வழி என்கிறார் லோலா. சென்னையிலிருந்து வந்தவர்களில் தமிழ் பேசியவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. அந்தப் பெரியவரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. அவர் பெயர் முழுவதும் ஸ்பானியம். ஒன்பது நாளும் பூசைக்கு முன்வரிசையில் இருப்பவரும் அவர்தான். விடியற்காலையில் என்னைக் கண்டால் கையை நீட்டுகிறார். நான் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன்.

பணம் இம்மாதம் பத்தாம் தேதியே அனுப்பிவிட்டேன்; வந்து சேர்ந்ததை எழுதவும். தம்பியின் மதிப்பெண் பட்டியலையும் அனுப்பச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு விடியல்கள் பாக்கியிருப்பதால் இப்போதே படுக்க வேண்டும். பெரியம்மாவின் மூங்கில் புட்டுக்குழாயைப் பற்றி லோலாவிடம் பெருமையடித்துவிட்டேன். அது எத்தனை அங்குல நீளம் என்று அவர் நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அளந்து எழுதச் சொல்லவும்.

தங்கள் அன்பு மகன்