உன் ஸ்கிரிப்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன்

கோயம்புத்தூர்
30 ஆகஸ்ட் 2009, ஞாயிறு இரவு

அன்புள்ள வடை மாஸ்டருக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் ஏழாம் வகுப்பு போய்விட்டான். சின்னவள் இன்னமும் தினம் காலையில் பள்ளி வேனைப் பார்த்ததும் அழுகிறாள். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன், மன்னித்துக்கொள். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் கல்லூரி மாணவர்களுக்கு மெயில்பாக்ஸ் உண்டாக்க 2005இல் அந்த நீல ஸ்டூலில் உட்கார்ந்து நீ எழுதிய ஸ்கிரிப்ட் இனி ஓடாது. அதை வேறு யாரும் உனக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

கோடை விடுமுறையில் மெயில் சர்வரை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2003இலிருந்து 2007க்கு மாற்றினோம். பழைய பெட்டியின் மேலேயே ஏற்ற வழியில்லை. 2007 ஓடுவதற்கு 64 பிட் கணினி வேண்டும். புதிய சர்வரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு மெயில்பாக்ஸாக நகர்த்தினோம். மே, ஜூன் இரண்டு மாதமும் இரண்டு சர்வரும் ஒன்றாக ஓடின. அந்தச் சமயத்தில் உன் ஸ்கிரிப்ட் ஒழுங்காக வேலை செய்தது. பழைய சர்வரில் மெயில்பாக்ஸை உண்டாக்கும், இரவில் நான் அதைப் புதியதற்கு நகர்த்திவிடுவேன். அதனால் கவலையில்லாமல் இருந்தேன்.

ஜூலையில் பழைய சர்வரை முறைப்படி நீக்கினோம். அடுத்த வாரமே பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த 62 பேரின் பட்டியல் வந்தது. ஸ்கிரிப்டை ஓட்டினால் முதல் பெயரிலேயே பிழை. நீ மெயில்பாக்ஸ் உண்டாக்கக் கூப்பிட்டிருந்த பழைய நிரல் நூலகத்தை 2007 ஏற்பதே இல்லை. அப்போது நான் ஒரு குறுக்கு வழி செய்தேன். அந்த ஒரு வரியைத் தூக்கிவிட்டு, எல்லோருடைய லாகின் விவரமும் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் மாணவரின் பதிவிலேயே மெயில் பெயரையும் டேட்டாபேஸையும் நேரடியாக எழுதினேன். 2003 காலத்தில் நாம் அப்படிச் செய்து தப்பித்திருக்கிறோமே, நினைவிருக்கிறதா? நாம் பாதி எழுதினால் போதும், ரெசிபியன்ட் அப்டேட் சர்வீஸ் என்று பின்னணியில் ஒன்று சுற்றி வந்து, முகவரியையும் மற்றதையும் சற்று நேரத்தில் நிரப்பிவிடும். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

2007இல் அந்தச் சர்வீஸே கிடையாது. பழைய சர்வர் இருந்தவரை அதில் ஓடிக்கொண்டிருந்தது, சர்வரோடு அதுவும் போய்விட்டது. இப்போது மெயில்பாக்ஸை உண்டாக்கும் கட்டளையே அந்த நொடியில் எல்லாவற்றையும் எழுதி முடிக்க வேண்டும். நான் பாதி எழுதியதை நிரப்ப யாரும் வரவில்லை. ஸ்கிரிப்ட் மட்டும் 62 வரியும் “முடிந்தது” என்று அச்சிட்டது. நானும் பட்டியலை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரு பெண் ஜன்னலோரம் வந்து நின்றாள். “அக்கா, எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப் மெயில் வந்துச்சாம், எனக்கு மட்டும் வரலை.” அவளுக்கு மட்டும் இல்லை, 62 பேருக்கும் போகவில்லை. அனுப்பிய மெயில்கள் அத்தனையும் திரும்பி அலுவலக முகவரிக்கு வந்து, திறக்கப்படாமல் கிடந்தன. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் முந்தின நாளே முடிந்திருந்தது. அவள் அப்பா தறி ஓட்டுகிறவர். அதை அவள் சொல்லவில்லை, ஜாதிச் சான்றிதழ் நகலோடு அவள் வைத்திருந்த வருமானச் சான்றிதழில் இருந்தது. நான் அந்தச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போய், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல மனிதர், உடனே ஃபோன் செய்தார். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்ததும் அன்றுதான்.

சரி, அப்புறம் என்ன செய்தேன் என்று கேள். பாதி எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, புதிதாகப் பவர்ஷெல் என்ற கட்டளை மொழியைக் கற்றுக்கொண்டேன். அடியே, நீ இதைப் பார்க்க வேண்டும். புதிய எக்ஸ்சேஞ்சில் மவுஸால் அழுத்தி ஒரு மெயில்பாக்ஸை உண்டாக்கினால், கடைசித் திரையில் அதற்கு உரிய கட்டளையை அதுவே எழுதிக் காட்டுகிறது! அதை நகல் எடுத்து, பெயர் இருக்கும் இடத்தில் மாறியைப் போட்டு, சிஎஸ்வி கோப்பைப் படிக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் பாதி ஸ்கிரிப்ட் தயார். உனக்கு 180 வரி பிடித்த வேலை எனக்கு 40 வரியில் முடிந்தது. மாறிகளுக்கு “வடை”, “சட்னி” என்று நான் பெயர் வைக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. கட்டளையோடு “வாட்-இஃப்” என்று சேர்த்தால் எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்கிறது. இப்போதெல்லாம் அதைப் போடாமல் நான் எதையும் முதல்முறை ஓட்டுவதில்லை.

எல்லாம் சுலபமாகப் போய்விடவில்லை. மெயில்பாக்ஸை உண்டாக்கி, அடுத்த வரியிலேயே அளவு வரம்பு வைக்கப் போனால் “அப்படி ஒருவர் இல்லை” என்று சொன்னது. சில பேருக்கு மட்டும். இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். நம்மிடம் ஆக்டிவ் டைரக்டரியை வைத்திருக்கும் சர்வர், அதாவது டொமைன் கன்ட்ரோலர், இரண்டு இருக்கிறதே, ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் தேடியிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செய்தி போக 15 விநாடி ஆகும், ஸ்கிரிப்ட் அவ்வளவு பொறுக்குமா? எல்லாக் கட்டளையிலும் ஒரே கன்ட்ரோலரின் பெயரை எழுதியதும் சரியாகிவிட்டது. பாஸ்வேர்டிலும் ஒரு சிக்கல். நீ எல்லோருக்கும் பிறந்த தேதியைக் கொடுத்திருந்தாய் (அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, சண்டை போட்டேன்). நான் ஆளுக்கொன்றாக உண்டாக்கி, சீட்டில் அச்சடித்து, முதல்முறை நுழையும்போது மாற்ற வேண்டும் என்று வைத்தேன். அப்படி வைத்தால் வெப்மெயில் உள்ளேயே விடுவதில்லை. லேப் கணினியில் உட்கார்ந்து மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகளை ஆறு பகுதியாகப் பிரித்து லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்ல வருவது பெயர்களைப் பற்றி.

முதலாண்டில் 540 பேர். சேர்க்கைப் பிரிவு கொடுத்த எக்செல் பட்டியலில் ஒருவர் “கே. கார்த்திகா”, ஒருவர் “கார்த்திகா கே”, ஒருவர் இடைவெளியே இல்லாமல் “கார்த்திகா.கே.ஆர்”. எக்ஸ்சேஞ்ச் கேட்பது முதல் பெயர், கடைசிப் பெயர். நமக்கு ஏது கடைசிப் பெயர்? உன் ஸ்கிரிப்ட் இடைவெளியில் வெட்டி, முன்னால் இருப்பதைப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. 2006 பேட்சில் ஒரு பையன் மூன்று வருடமாக “கே” என்ற பெயரிலேயே மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறான் என்பது உனக்குத் தெரியுமா? எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. அவன் ஒருமுறைகூட வந்து கேட்கவில்லை. கம்ப்யூட்டர் அப்படித்தான் வைக்கும் என்று நினைத்துக்கொண்டானாம்.

திருஞானசம்பந்தம் என்று ஒரு பையன் வந்திருக்கிறான். அவன் பெயர் ஆங்கிலத்தில் 19 எழுத்து. புள்ளியும் இனிஷியலும் சேர்த்தால் 21. லாகின் பெயருக்கு வரம்பு 20. பழைய வழியில் என்றால் கடைசி எழுத்தை வெட்டி “திருஞானசம்பந்தா” என்று ஆக்கியிருப்போம். இப்போது லாகினுக்கு எல்லோருக்கும் ரோல் எண் மட்டும். மெயில் முகவரியில் பெயர் முழுசாக இருக்கும். ரோல் எண்ணிலும் எக்செல் விளையாடுகிறது. முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடுகிறது, 090127 என்பது 90127 ஆகிறது. ஆறு இலக்கம் இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அந்த ஆளைத் தொடாமல் ஒதுக்கிவைத்துச் சொல்லும்படி செய்திருக்கிறேன்.

ஒரே பெயரில் பலர் வந்தால் நாம் 1, 2, 3 என்று போட்டோம். இந்த வருடம் ஒன்பது கார்த்திக். “கார்த்திக்9” ஆக இருப்பதற்கு எந்தப் பிள்ளை சம்மதிக்கும்? அதனால் ஒன்று செய்தேன். ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன், அது தரப்போகும் பெயரையும் முகவரியையும் அச்சடித்து, இரண்டு நாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். பக்கத்தில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தப்பு இருந்தால் நீங்களே திருத்துங்கள் என்று எழுதினேன். நம் பழைய மேனேஜர் பார்த்திருந்தால் “மேடம், இது டெமாக்ரஸியா?” என்று அவர் பாணியில் கத்தியிருப்பார்.

41 திருத்தம் வந்தது. எழுத்துப் பிழை, இனிஷியல் இடம் மாறியது, பெயருக்குப் பின்னால் இருந்த தாத்தா பெயர். ஒரு பையன் தன் இனிஷியலை அடித்துவிட்டு வேறு எழுத்தைப் போட்டிருந்தான். சான்றிதழில் அப்படி இல்லையே என்று கூப்பிட்டுக் கேட்டேன். “அது அப்பா இனிஷியல் மேடம். என்னை வளத்தது அம்மாதான். மெயில்லயாவது அம்மா எழுத்து இருக்கட்டும்” என்றான். சான்றிதழுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை, தேடிப் பார்த்தேன். அப்படியே வைத்துவிட்டேன். இதை நீ இருந்திருந்தால் அன்று மாலையே மெஸ்ஸில் உட்கார்ந்து பேசியிருப்போம். எனக்கு இங்கே சொல்ல ஆளில்லை.

இதை எழுதும்போது பக்கத்தில் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது, 540இல் 512 வந்திருக்கிறது. இப்போது ஸ்கிரிப்ட் “முடிந்தது” என்று தானாகச் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் அனுப்பி, அது பெட்டியில் விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் பச்சை நிறத்தில் பெயரைக் காட்டும். இரண்டாவது முறை ஓட்டினாலும் ஏற்கெனவே இருப்பவரைத் தொடாது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் ஸ்கிரிப்டின் 143ஆம் வரியில் காரணம் எழுதாமல் 15 நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருந்தாய். நான்கு வருடமாக யாரும் அதைத் தொடப் பயந்தோம். அப்டேட் சர்வீஸ் முடிவதற்காக வைத்தாயா, அல்லது வேறு ஏதாவது இருந்ததா? வேறு காரணம் என்றால் புதியதிலும் அது வேண்டியிருக்கலாம். சீக்கிரம் எழுது, அடுத்த திங்கள் எம்.சி.ஏ. பட்டியல் வருகிறது. என் 40 வரியை இதோடு அச்சடித்து வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பு.

மெஸ் அண்ணன் விசாரித்தார். மஸ்கட்டில் மெதுவடை கிடைக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

531.

உன்,
மூன்றாவது ஃபேனுக்குக் கீழே இருப்பவள்