மல்லிகாவுக்கு, ஹனோய் ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு நிம்மதியானது. ஈரலில் பாதிக்கு மேல் எடுத்த பிறகும் மனிதர் எழுந்து நடக்கிறாரே, நாம் தியேட்டர் டியூட்டி பார்த்த காலத்தில் ஈரலில் அடிபட்டு யாராவது வந்தாலே ரத்தம் நிற்காமல் எல்லோரும் பதறுவோமே, இதையெல்லாம் யார் எப்போது பழகினார்கள் என்று கேட்டிருந்தாய். இதைப் பற்றித்தான் நான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தேன்.

நீ அமெரிக்கா, ஜப்பான் என்று நினைத்திருப்பாய். இதில் பெரிய பங்கு வியட்நாமுக்கு உண்டு, ஹனோய் நகரத்தில் ஃபூ ஸொவான் தெருவில் இருக்கும் ஒரு போதனா ஆஸ்பத்திரிக்கு. இன்றைக்கு அதை வியட் டுக் ஆஸ்பத்திரி என்கிறார்கள், டுக் என்றால் ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி செய்த உதவியால் வந்த பெயர். ஆரம்பித்தது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1906-இல். அதற்கு முன்பே 1902-இல் ஹனோயில் மருத்துவப் பள்ளி வந்துவிட்டது. பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தாரே யெர்சின், அவர்தான் அதன் முதல் தலைவர். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆபரேஷன் கற்றுக்கொண்டது இந்த ஆஸ்பத்திரியில்தான்.

1930களில் அங்கே தோன் தட் துங் என்று ஒரு மாணவர் இருந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கலாம், ஆனால் ஆஸ்பத்திரியிலேயே தங்கி மேற்பயிற்சி எடுக்கும் ரெசிடென்ட் பதவிக்குப் பரீட்சை எழுத முடியாது, அதுதான் அப்போதைய சட்டம். அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் 1938-இல் பரீட்சை வைத்தார்கள், அந்தத் தடவை தேறியது அவர் ஒருவர்தான். இதற்கு நடுவில் 1935-இலேயே பிணவறையில் அவர் கண்ணில் ஒன்று பட்டது. ஒரு பிரேதத்தின் ஈரலை அறுத்துப் பார்த்தால் பித்தக் குழாய்கள் முழுக்க நாக்குப்பூச்சி. அங்கே அந்தக் காலத்தில் அது சாதாரணம், ஏழை வியாதி. யாராக இருந்தாலும் முகம் சுளித்து மூடி வைத்திருப்பார்கள். இவர் அந்தப் பூச்சி போன வழியைப் பின்தொடர்ந்து, ஒரு சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு ஈரல் சதையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்து, உள்ளே குழாயும் நாளமும் எப்படிக் கிளை பிரிகின்றன என்று படம் வரைந்தார். ஒன்றல்ல, நாலு வருஷத்தில் 200-க்கும் மேற்பட்ட ஈரல்கள்! 1939-இல் அதையே ஆய்வேடாக எழுதினார், பாரிஸ் பல்கலைக்கழகம் வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. ஸ்கேனும் இல்லை ஒன்றும் இல்லை. ஒரு போதனா ஆஸ்பத்திரியில் முக்கியமான இடம் எது என்று என்னைக் கேட்டால் இனிமேல் பிணவறை என்றுதான் சொல்வேன்.

அதே 1939-இல் தன் பேராசிரியரோடு சேர்ந்து, அந்தப் படத்தை நம்பி ஈரலின் ஒரு பகுதியை முறையாக வெட்டி எடுத்தார். ஆனால் அதைத் தொடர முடியாதபடி உலகப் போர் வந்தது, அப்புறம் பிரெஞ்சுக்காரரோடு விடுதலைப் போர். 1952-இல் பாரிஸில் ஒருவர் ஈரலின் வலது பாகத்தை எடுத்தபோது உலகமே அதைப் பேசியது, இவர் அப்போது காட்டில் இருந்தார்.

காடு என்றது நிஜமாகவே காடுதான். 1946 டிசம்பரில் ஹனோயில் சண்டை மூண்டதும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரை விட்டு வடக்கே மலைக்குப் போனார்கள். துயென் குவாங் மாகாணத்தில் சியெம் ஹோவா என்ற இடத்தில் 1947 அக்டோபரில் மருத்துவக் கல்லூரி மறுபடி திறந்தது, மூங்கில் குடிசையில். தலைவர் ஹோ டாக் ஸி, பிரான்சில் அறுவை மருத்துவம் படித்து வந்தவர். துங்கும் அங்கேதான் வகுப்பு எடுத்தார். பாடம் எல்லாம் வியட்நாமிய மொழியில். சுதந்திரம் அறிவித்த 1945-லேயே அப்படி நடத்தத் தொடங்கிவிட்டார்கள், சொற்கள் தயாராகட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. எனக்கு இது மிகவும் பிடித்தது. பாதிப் படிப்பில் மாணவர்கள் போர்முனைக்குப் போய்க் காயம் கட்டிவிட்டு வந்து மீதியைப் படிப்பார்கள். 1954-இல் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்த டியன் பியன் பூ சண்டையில் துங் அங்கேயே இருந்து ஆபரேஷன் செய்தார். அந்த வருஷக் கடைசியில் ஹனோய் அவர்கள் கைக்கு வந்தது, ஆஸ்பத்திரியும்.

பிறகுதான் 1963-இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தது. நீ தியேட்டரில் நின்றவள், உனக்குச் சொன்னால் புரியும். மற்றவர்கள் ஈரலுக்கு வெளியே இருக்கும் நாளங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள், மணிக்கணக்காகும். இவர் ஈரலுக்கு வரும் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு, தனக்கு மனப்பாடமான எல்லைக்கோட்டில் ஈரல் சதையை விரலாலேயே நசுக்கிப் பிரிப்பார். சதை நசுங்கிவிடும், நாளமும் பித்தக் குழாயும் நசுங்காமல் விரலில் தட்டுப்படும், அவற்றை உள்ளேயே கட்டி வெட்டிவிடுவார். சில நிமிஷங்களில் வேலை முடியும். தைவானில் லின் என்பவரும் 1950களின் கடைசியில் இப்படி விரலால் பிரித்தார், அதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு விரலுக்குப் பதில் கெல்லி கிளாம்ப் என்ற இடுக்கியால் நசுக்குகிறார்கள், அல்ட்ராசவுண்ட் கருவியும் வந்துவிட்டது. ஆனால் சதையை நசுக்கு, குழாயை விட்டுவை என்ற அடிப்படை அதேதான். மீதி ஈரல் தானாக வளர்ந்துவிடுவது அதன் குணம், வெட்டும்போது ரத்தம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் மனிதர் கையில் இருக்கிறது. 1977-இல் பாரிஸ் அறுவை மருத்துவ அகாடமி அவருக்கு லானெலாங் பதக்கம் கொடுத்தது. அதிலும் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. பிறகு வந்த வியட்நாம் போரில் அமெரிக்கா தெளித்த களைக்கொல்லி நஞ்சுக்கும் ஈரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று முதலில் கேட்டவர்களில் அவரும் ஒருவர். 1982-இல் இறந்துபோனார்.

அதே ஊரில் பாக் மாய் என்று இன்னொரு பெரிய போதனா ஆஸ்பத்திரி. 1911-இல் தொற்றுநோய்க்காரர்களுக்காகத் தொடங்கியது. 1972 டிசம்பர் 22 அதிகாலை அமெரிக்க பி-52 விமானங்கள் போட்ட குண்டுகள் அதன் மேல் விழுந்தன. டாக்டர், நர்ஸ், மாணவர் என்று 28 பேர் செத்தார்கள். பக்கத்தில் இருந்த விமானத்தளத்துக்குப் போட்டது என்றார்கள் அமெரிக்கர்கள். டியூட்டியில் இருந்த நர்ஸுகள் மல்லிகா, நம்மைப் போல ராத்திரி டியூட்டி. அதை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

இப்போதும் ஹனோய் மருத்துவப் பிள்ளைகள் இந்த இரண்டு இடத்திலும்தான் வேலை கற்கிறார்கள். ரெசிடென்ட் பரீட்சையை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம், படிப்பு முடித்த கையோடு. அவ்வளவு கெடுபிடி தேவையா என்று எனக்குச் சந்தேகம்தான், ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் போச்சே. வியட் டுக் இன்றைக்கு முழுக்க அறுவை சிகிச்சைக்கான தலைமை ஆஸ்பத்திரி, உறுப்பு மாற்று அறுவையும் நடக்கிறது, ஆனாலும் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டை உடைந்து வருகிறவர்கள் ஓயவில்லை. 2007 டிசம்பரில் எல்லாச் சாலையிலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினார்கள், வார்டில் நின்று அந்தத் தலைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சட்டத்தின் அருமை தெரியும்.

சரி, நம் ஹாஸ்டல் பேட்ச் எல்லோரும் பொங்கலுக்கு அப்புறம் திருச்சியில் கூடலாம் என்று எஸ்தர் சொல்கிறாள். முழங்கால் வலியோடு பஸ்ஸில் வர முடியாது, ரயிலில் கீழ் பெர்த் கிடைத்தால் வருகிறேன். உனக்கும் சேர்த்து டிக்கெட் போடவா? தேதி எழுது.

அன்புடன்,
கமலா