ஆண்டறிக்கை: ஒரு பெட்டி பழைய அம்புகள்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பிய்ந்துபோன இலக்குகளை மாற்றினோம். புதியவர்களுக்கான வில்வித்தைப் பயிற்சி தொடர்கிறது.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது, மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் வீட்டார் ஒப்படைத்த அம்புப் பெட்டி. மரம், அலுமினியம், ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) எல்லாம் அதில் கலந்து கிடந்தன. நிறத்தை வைத்துப் பிரிக்கத் தொடங்கினோம். அது தவறு. பெயின்ட் எந்தத் தண்டின் மேலும் ஏறும். இரண்டு வாரம் பிரித்ததை மறுபடி கலைக்க வேண்டியதாயிற்று.

நாக், அதாவது நாணில் பொருத்தும் பின்முனைத் துண்டு, உதிர்ந்த அம்புகள்தான் வழிகாட்டின. தண்டின் முனையைப் பார்த்தால் போதும். மரத்தில் ரேகை தெரியும். அலுமினியத்தில் மெல்லிய சுவரும் உலோகப் பளபளப்பும் இருக்கும். கண்ணாடியிழைத் தண்டின் சுவர் தடிப்பாக, மங்கலாக இருக்கும். பெயின்ட் இல்லாத இடத்தில் டார்ச் அடித்தால் வெளிச்சம் உள்ளே ஊடுருவும். கருப்புத் தண்டுகளில் மட்டும் கார்பனோ என்ற சந்தேகம் வந்தது. அதற்கு மல்டிமீட்டர் உதவியது: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடியிழை கடத்தாது. கார்பன் அம்புகள் பரவியதே 1980களில்தான் என்பதால், காலத்தைக் கணிக்கவும் இந்தச் சோதனை பயன்படுகிறது. கண்ணாடியிழை அம்புகளுக்கு நல்ல காலம் 1950களும் 60களும்.

அப்புறம் எண்கள். அலுமினியத் தண்டில் 2016 என்று இருந்தால், அது ஆண்டு அல்ல. விட்டம் ஓர் அங்குலத்தில் 64-இல் 20 பங்கு, சுவர் 0.016 அங்குலம் என்று பொருள். கண்ணாடியிழைத் தண்டுகளுக்கு இப்படிப் பொதுவான குறியீடு இல்லை. மைக்ரோ-ஃப்ளைட் என்ற கண்ணாடியிழைத் தயாரிப்பின் தண்டில் உள்ள சிறிய எண் அந்தத் தயாரிப்பின் சொந்த அளவு. அதை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது. அதனால் விறைப்பை நாமே அளந்தோம். 26 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கவைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்ப்பது பழைய முறை. 26-ஐ அந்தத் தொய்வால் வகுத்தால் ஸ்பைன் எனப்படும் விறைப்பு எண் கிடைக்கும். அரை அங்குலம் தொய்ந்தால் 52.

வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தண்டில் எழுத்து மங்கியிருக்கிறதே என்று அசிட்டோனால் துடைத்தோம். எழுத்தே அழிந்துவிட்டது. அந்த அம்பைத் தயாரித்தவர் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதன்பிறகு உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்கிறோம். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எழுத்தைப் படித்து, தொடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுகிறோம். வண்ண வளையங்களையும் பழைய இறகுகளையும் பிரிப்பதில்லை. அவையும் அடையாளத்தில் சேர்த்திதான்.

விரிசல் இருக்கிறதா என்று எல்லாத் தண்டுகளையும் பஞ்சால் நீவிப் பார்த்தோம். பார்வைக்குப் புதிது போல இருந்த சிவப்பு அம்பு ஒன்றில், இறகுக்குச் சற்று முன்னால் பஞ்சு நூலாய்ச் சிக்கியது. லேசாக வளைத்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நாணிலிருந்து விடும்போது இப்படிப்பட்ட தண்டு உடைந்தால் சிம்பு கையில் ஏறிவிடும். அந்த அம்பு இப்போது காட்சிக்கு மட்டும். கண்ணாடியிழைச் சிம்பு தோலுக்குள் போனால் எடுப்பது கடினம், கையுறை இல்லாமல் யாரும் இந்தப் பெட்டியைத் தொட வேண்டாம்.

அடையாளம் தெரியாத அம்புகளைத் தனிக் கட்டாக வைத்திருக்கிறோம். அவற்றை எய்யக் கூடாது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய அம்புகளோ, அம்பு வந்த அட்டைப்பெட்டியோ, விலைப்பட்டியலோ இருந்தால் கொண்டு வாருங்கள். பெட்டியில் அச்சான ஒரு வரி பல அம்புகளுக்குப் பெயர் கொடுத்துவிடும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்