விஜிக்கு, ரொம்ப லேட்டா

அடியே விஜி,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன், கடைசியா "இருக்கியா செத்துட்டியா"ன்னு கேட்டியே அது உட்பட. இருக்கேன். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். பையன் பிளஸ் டூ, படிக்கிறேன்னு சொல்றான், நம்பறேன். சுமதி வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் போகல, புடவை மேட்டர் தெரிஞ்ச நீ ஏன்னு கேட்கக் கூடாது.

ராத்திரி தூக்கம் வராம ஒரு பழைய பிபிசி காமெடி பார்க்க ஆரம்பிச்சேன், இப்ப பைத்தியமே பிடிச்சிருக்கு. பேரு ஃபால்ட்டி டவர்ஸ். டார்க்கீன்னு கடற்கரை ஊர்ல ஒரு சின்ன ஹோட்டல், அதை நடத்தற பேசில்ங்கிற ஆளுக்கு உலகத்துலயே ஆகாதவங்க யாருன்னா ரூம் கேட்டு வர்றவங்கதான். பார்க்கும்போதெல்லாம் உங்க லாட்ஜும் உங்க வீட்டு அண்ணனும்தான்டி ஞாபகம் வருது, வெந்நீர் கேட்டா "வெந்நீர் எதுக்கு"ன்னு கேட்பாரே, அச்சு அசல் அதே மூஞ்சி. அவர்கிட்ட இதைக் காட்டாதே. இல்ல, காட்டு.

இப்படி ஒருத்தர் நெஜமாவே இருந்திருக்காரு. 1970ல மான்டி பைத்தான்னு ஒரு இங்கிலீஷ் காமெடி கோஷ்டி ஷூட்டிங்குக்கு அந்த ஊருக்குப் போய் ஒரு ஹோட்டல்ல தங்க, அந்த ஓனர், கோஷ்டியில ஒருத்தரான எரிக் ஐடிலோட பெட்டிக்குள்ள கடிகாரம் டிக்டிக்னு கேட்குது பாம்தான்னு வெளிய சுவத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் வச்சிட்டாராம். மத்தவங்க வேற ஹோட்டலுக்கு மாறிட்டாங்க, ஜான் கிளீஸ் மட்டும் மாறல. அங்கயே இருந்து அந்த ஆளை நல்லா கவனிச்சு பின்னாடி சீரியலா எழுதி தானே பேசிலா நடிச்சிட்டாரு. நீ ஜாக்கிரதையா இரு, எவன் வந்து தங்கறான்னு யாருக்குத் தெரியும்.

ஒரு சீன் மட்டும் சொல்றேன் கேளு. பெரிய மனுஷங்களை எல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டு வச்சிருக்கான், சமையல்காரன் குடிச்சிட்டு மட்டை. வேற ரெஸ்டாரண்ட்ல இருந்து வாத்துக் கறி எடுத்துட்டு வர கார்ல பறக்கறான், நடுரோட்ல கார் நின்னுபோச்சு. கெஞ்சறான், திட்டறான், அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணி கெடு வைக்கறான், காருக்குடி! கிளம்பல. இறங்கி எங்கயோ விறுவிறுன்னு போயிடறான், கேமரா நகராம அந்தக் காரையே பார்த்துட்டிருக்கு, நாமளும் என்ன பண்ணப் போறானோன்னு உட்கார்ந்திருக்கோம், பார்த்தா ஒரு மரக்கிளையோட ஓடி வந்து காரை வெளு வெளுன்னு வெளுக்கறான். நான் சிரிச்ச சிரிப்புல பையன் எழுந்து வந்துட்டான்.

எனக்குப் பிடிச்சதே இதுதான், அவன் கடைசி வரைக்கும் திருந்தவே மாட்டான். யாரும் வந்து புத்தி சொல்றதில்ல, கட்டிப்பிடிச்சு அழறதில்ல, வசமா மாட்டிக்கிட்டு முழிக்கிறான், அதோட எபிசோட் முடிஞ்சுபோகுது. அவன்கிட்ட அடி வாங்கியே சாகற மேனுவல்னு சர்வர் ஒருத்தன், அதுல நடிச்ச ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லின்ல பொறந்து நாஜிகளுக்குத் தப்பிச்சு 1938ல சின்னப் பையனா லண்டன் வந்தவராம். ஷூட்டிங்ல கிளீஸ் வாணலியால அடிச்ச அடி நெஜமாவே தலையில பட்டிருக்கு, பாவம். முதல் ஸ்கிரிப்டைப் படிச்ச பிபிசி ஆளு, தலைப்பு மாதிரியே உள்ளயும் மோசம்னு குறிப்பு எழுதியிருக்கான், அதையே 2000ல பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அந்த நாட்டு டிவி நிகழ்ச்சிகள்ல நம்பர் ஒன்னு வச்சிருக்கு. நம்ம டிபார்ட்மெண்ட் மேகசின்ல உன் கவிதையைத் திருப்பி அனுப்பினவர் ஞாபகம் வந்தாரு. ஆனா அவர் பண்ணது சரிதான்.

மொத்தமே பன்னண்டு எபிசோட்டி. 1975ல ஆறு, 1979ல ஆறு, போதும்னு விட்டுட்டாங்க. பன்னண்டையும் கிளீஸோட சேர்ந்து எழுதினது கானி பூத், அவரோட பொண்டாட்டி. பாலின்னு அந்த ஹோட்டல்ல வேலை செய்யற பொண்ணா வர்றதும் அவங்கதான். பேசில் உளறி மாட்டிக்கும்போதெல்லாம் பொய் சொல்லிக் காப்பாத்தறது பாலிதான். கிளீஸுக்கும் கானிக்கும் 1978ல டைவர்ஸ். அப்படின்னா அந்த ரெண்டாவது ஆறுல நாம பார்க்கறது பிரிஞ்சவங்களை. நான் அந்த ஆறையும் போட்டுப் போட்டுப் பார்க்கறேன், எங்கயாவது தையல் தெரியுதான்னு. தெரியல. கடைசி எபிசோட்ல ஹெல்த் இன்ஸ்பெக்டர் முன்னாடி பிஸ்கட் டப்பாவைத் திறந்தா உள்ள எலி உட்கார்ந்திருக்கு, அது வரைக்கும் அந்த எலியை மறைக்க ரெண்டு பேரும் சேர்ந்து ஓடற ஓட்டம் இருக்கே.

சரி, சுத்தி வளைக்கல. நானும் கண்ணனும் டைவர்ஸுக்குப் பேப்பர் போட்டாச்சு. நீ நினைக்கற மாதிரி வேற ஆளு எல்லாம் இல்ல, அப்புறம் சொல்றேன். ஆனா பிரஸ் இருக்கே, லோன் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, முகூர்த்த மாசம் வேற, டெய்லி ஒன்பது மணிக்கு அவர் மெஷின் பக்கம், நான் ப்ரூஃப் டேபிள்ல, ஊர்ல எல்லாருக்கும் கல்யாணப் பத்திரிகை அடிச்சுக் குடுத்துட்டிருக்கோம். நேத்து ஒரு பத்திரிகையில மணமகள் பேர் வர்ற இடத்துலயும் மாப்பிள்ளை பேரே வந்திருந்தது, அவர்கிட்ட நீட்டினேன், ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியல, பைண்டிங் பையன் எங்களையே பார்த்தான். அப்புறம் அவர் மெஷினைப் போட்டுட்டாரு. இப்படியே எவ்வளவு நாள் ஓடும்னு தெரியல விஜி, பயமா இருக்கு, ஓடிட்டா அது இன்னும் பயமா இருக்கு.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது, பையனுக்குத் தெரியும். நீ வீட்டுக்குப் போன் பண்ணினா பிரஸ்ல வேலை ஜாஸ்தின்னு மட்டும் சொல்லு, வளவளன்னு பேசி மாட்டிவிட்டுடாதே. வார்டன்கிட்ட பேச்சுவாக்குல சினிமா டிக்கெட்டை நீட்டினவதானே நீ.

ராதா