இடது ஓரத்தில் நெருக்கிய குறி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்புக்கு இப்போது பரவாயில்லை. தம்பி போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். போகும்போது உன்னைப் பற்றி ஏதோ சொன்னான். அது இருக்கட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இரவில் தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன். கண்ணைப் பார்த்துக்கொள். மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பொடிப் பொடிப் படங்களை வைத்துக்கொண்டு உட்காராதே. பத்து வயதிலேயே உனக்குக் கண்ணாடி வந்ததற்குக் காரணம் நான்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

நாலைந்து முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலையாக இருந்திருப்பாய். அதனால்தான் கடிதம். கடிதம் என்றால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆலிஸ் கோபர் என்ற பெண்ணைப் பற்றி நீ ஒருமுறை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாய், நினைவிருக்கிறதா? அன்று நான் பாதிதான் கேட்டேன். கிரீட் தீவின் களிமண் பலகைகள் நமக்கு எதற்கு, சிந்துவெளியைச் சொல் என்று பேச்சை மாற்றினேன். இந்த இரண்டு மாதமாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். புரூக்ளினில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. பகலெல்லாம் பாடம் நடத்துவது, இரவெல்லாம் லீனியர் பி, அந்தப் பலகைகளில் இருந்த, அன்று யாராலும் படிக்க முடியாத எழுத்து. போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. வாழ்த்து அட்டைகளின் பின்பக்கம், தேவாலயச் சுற்றறிக்கை, நூலகச் சீட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு குறி எங்கே வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். ஏறக்குறைய 1,80,000 துண்டுகள். அவற்றை அடுக்கி வைத்தது வெற்று சிகரெட் பெட்டிகளில். இத்தனையும் செய்துவிட்டு, இந்தக் குறிக்கு இந்த ஒலி என்று ஊகித்துச் சொல்ல மறுத்துவிட்டார். இது எந்த மொழி என்று கேட்டவர்களுக்கும் பதில் இல்லை. சொல்லின் ஈறு மாறுகிறது, ஆகவே இது வேற்றுமை ஏற்கும் மொழி. அதைக் காட்டினார், அதோடு நிறுத்திக்கொண்டார். 1950-இல், 43 வயதில் இறந்துபோனார். இரண்டே ஆண்டில், 1952-இல், மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்துவிட்டார்.

43 வயது. எனக்கு அந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை. அதனால்தான் தூங்கு, சாப்பிடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நீ எரிச்சல்படுவாய், தெரியும்.

உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. தெரியும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. ஊரெல்லாம் சொன்னேன், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் நீ ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தாயே, அந்த மாலையை இன்னும் மறக்கவில்லை. கட்டைவிரல் அகலமுள்ள சிந்துவெளி மாக்கல் முத்திரை. அதை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்த பதிவு. வலப்பக்கம் முதல் மூன்று குறிகள் தாராளமாக, கையை வீசி நிற்பது போல இருந்தன. நான்காவது கொஞ்சம் ஒடுங்கியது. கடைசிக் குறி இடது ஓரத்தில் இடமில்லாமல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒட்டிக்கிடந்தது. "பாருங்கள் அப்பா, வலமிருந்துதான் ஆரம்பித்திருக்கிறான். இடம் போதாது என்று பாதியில்தான் தெரிந்திருக்கிறது" என்றாய். அளவு தவறிய ஒரு கைவினைஞனை, நாலாயிரம் ஆண்டு தள்ளி, பக்கத்து வீட்டுக்காரனைப் போல நீ கண்டுபிடித்துச் சொன்னாய். அந்தக் கல்லை அவன் தூக்கி எறிந்திருந்தால் இந்த எழுத்து ஓடும் திசைக்கு நமக்கு ஒரு சாட்சி குறைந்திருக்கும். அந்த நொடியில் முடிவு செய்தேன், இந்தப் பெண் படிக்கட்டும் என்று. அம்மாவிடமும் அன்றிரவே பேசினேன்.

ஆனால் நான் ஆசைப்பட்டது வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் வாத்தியார். மீன் குறியை 'மீன்' என்றே படித்து விண்மீன் என்று பொருள் கொள்ளலாம் என்று ஹீராஸ் பாதிரியார் சொன்னதையும், ஆறு கோட்டோடு வரும் மீன் அறுமீன் என்ற கார்த்திகை, ஏழு கோட்டோடு வரும் மீன் எழுமீன் என்ற சப்தரிஷி மண்டலம் என்று பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா விரித்ததையும் முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சங்கப் பாட்டில் நான் வகுப்பெடுத்த அதே அறுமீன், அதே எழுமீன்! உனக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தோம் என்று நான் சொல்லவே வேண்டாம். அது அழகான ஊகம். இன்றும் என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நீ எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய், ஊகம் ஊகம்தான் என்று. ஐராவதம் மகாதேவன் கணினியின் துணையோடு 417 குறிகளையும் அவை வரும் இடங்களையும் அட்டவணையாக்கி 1977-இல் வெளியிட்டாரே, அந்தப் பெரிய புத்தகத்தை நீ மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, "முதலில் எண்ண வேண்டும் அப்பா, பிறகுதான் படிக்க வேண்டும்" என்றாய். எனக்கு எண்ணப் பொறுமை இல்லை. இது எழுத்தே அல்ல, எந்த மொழியையும் எழுதிய குறிகள் அல்ல என்று 2004-இல் மூன்று பேர் கட்டுரை எழுதியதைக் கேள்விப்பட்டதுமே நான் குதித்தேன். நீ பின்னாளில் அதை முழுவதும் படித்து, எங்கே வலு இருக்கிறது, எங்கே இல்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தாய். அந்தப் பிரதி இங்கேதான் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் இந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்ததே, அன்று காலை நாளிதழின் ஓரத்தில் உன் பெயரை எழுதிப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன உருளை முத்திரை இருக்கிறதே, மெசபொத்தாமியாவில் மெலுகா மொழிக்குத் துபாஷியாக இருந்த ஷூ இலிஷுவுடையது. மெலுகா என்பது நம் சிந்துவெளிதான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டு மொழியும் அறிந்த மனிதன். தன் பெயரையும் தொழிலையும் கல்லில் விட்டுப்போனவன் ஒரு சொல்லை, ஒரே ஒரு சொல்லை, இரண்டு மொழியிலும் எழுதி வைத்திருக்கக் கூடாதா? எகிப்துக்கு ரொசெட்டாக் கல் கிடைத்தது. நமக்குக் கிடைத்ததெல்லாம் சராசரி ஐந்து குறி நீளமுள்ள துணுக்குகள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. நீ இதோடு எத்தனை வருடம் தனியாகப் போராடியிருப்பாய்.

சொல்ல வந்தது இதுவல்ல.

லீனியர் பி பலகைகளைத் தோண்டி எடுத்த ஆர்தர் எவன்ஸ் கையில் ஒரு பலகை இருந்ததாம். குதிரைத் தலைகள் வரைந்தது. சிலவற்றுக்குப் பிடரி மயிர் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. பிடரி இல்லாததன் முன்னால் இரண்டு குறிகள். சைப்ரஸ் தீவின் பழைய எழுத்தில் அதே போன்ற குறிகளுக்கு உள்ள ஒலியை வைத்தால் 'போ-லோ' என்று வருகிறது. கிரேக்கத்தில் 'போலோஸ்' என்றால் குதிரைக்குட்டி. பிடரி முளைக்காத குட்டி படத்திலும் இருக்கிறது, எழுத்திலும் இருக்கிறது! எவன்ஸ் அதைக் கவனித்தார். கவனித்தும் ஒதுக்கிவிட்டார். கிரீட் தீவை ஆண்டவர்கள் கிரேக்கர் அல்ல என்று அவர் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தார். 1941-இல் இறக்கும்வரை பெரும்பாலான பலகைகளை வெளியிடவும் இல்லை. வென்ட்ரிஸும் பல ஆண்டுகள் அது பழைய இத்தாலியின் எட்ரஸ்கன் மொழியோடு உறவுள்ளது என்றே நம்பியவர்தான். 18 வயதில் அப்படியே கட்டுரையும் எழுதினார். ஆனால் பலகைகள் கிரேக்கத்தைக் காட்டியதும், 1952 ஜூலையில் பிபிசி வானொலியில் போய் இது கிரேக்கம் என்று சொல்லிவிட்டார். தான் அவ்வளவு நாள் சொன்னது தவறு என்று ஊரறிய ஒப்புக்கொள்ள அவருக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தன.

நான் எவன்ஸ் பக்கம் நின்றவன், அம்மா. உன் விஷயத்தில்.

அன்று இரவு பதினொன்றரைக்கு நீ கூப்பிட்டாய். ஹரப்பாவில் ஒரே வாசகத்தைப் பல பிரதிகள் எடுத்த சிறு வில்லைகள் இருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டேன், பிரதிகளைக் கழித்துவிட்டால் ஜாடி வடிவக் குறிக்கு முன்னால் நான் கண்ட ஒழுங்கு நிற்கவில்லை என்றாய். உன் குரல் நடுங்கியது. நீ என்னிடம் வழி கேட்கவில்லை, ஆறுதல்தான் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "யார் உட்கார்ந்து எண்ணப்போகிறார்கள்? பட்டம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே" என்றேன். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று வாய்மை அதிகாரம் நடத்தியவன் சொன்ன வார்த்தை அது.

அதோடு நிற்கவில்லை. உனக்குத் தெரியாத பாதி இனிமேல்தான். உன் ஆய்வைப் பற்றி நான் பத்திரிகைக்கு எழுதியிருந்த கட்டுரையை அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டாய். அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சினாய். "நேற்றே அனுப்பிவிட்டேனே, கையை விட்டுப் போய்விட்டதே" என்றேன். போகவில்லை, கண்ணு. நாம் பேசும்போது அது என் மேசைமேல், உறை ஒட்டாமல் இருந்தது. அதன்மேல் என் மூக்குக் கண்ணாடியை வைத்திருந்தேன். மறுநாள் காலை நானே எடுத்துக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்தேன். 'என் மகள் நிறுவிவிட்டாள்' என்ற வரியை அடிக்க மனம் வரவில்லை. அது அச்சில் வந்தது. எத்தனை பேர் கைகுலுக்கினார்கள். அந்தக் கட்டுரையால் உன் துறையில் உன் முகம் என்ன பாடுபட்டது என்பதைத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் ஆய்வுக் கட்டுரையை நீயே திரும்பப் பெற்றுக்கொண்டாய் என்பதையும் அவன்தான் சொன்னான். என்னிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

நீ இதோடு இந்த வேலையையே விட்டுவிடுவாயோ என்ற பயத்தில்தான் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதிவந்தேன். விடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் சொல்ல மாட்டேன். முன்பு நான் சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னது. விட்டாலும் நீ என் மகள்தான். நீ செய்தது சரி. எண்ணிப் பார்த்து, தவறு என்று கண்டு, யாரும் கேட்காமல் எடுத்துச் சொன்னாயே, அது சரி. உன்னைப் பற்றிய பெருமையில் இத்தனை நாள் கலந்திருந்த என் ஆசையைக் கழித்த பிறகும் பெருமை குறையவே இல்லை. கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டு மாதம் ஒரு வரி இல்லையே. அம்மாவுக்காவது எழுதியிருக்கலாம். அவள் என்ன செய்தாள்?

நீ இங்கே விட்டுப்போன அட்டைப்பெட்டியைக் கீழே இறக்கியிருக்கிறேன். உன் அனுமதி இல்லாமல்தான். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே வாசகம் உள்ள பிரதிகளை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, மேலே ஒரு வெள்ளைச் சீட்டு. வரிசையை மாற்றவில்லை, உன் எண்களின்படியே வைத்திருக்கிறேன். என் கையெழுத்து எங்கும் படவில்லை. எண்ணுவதற்கு இவ்வளவு பொறுமை வேண்டும் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. சில நாள் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு அட்டைதான் நகர்கிறது.

பத்திரிகை ஆசிரியருக்குத் திருத்தம் எழுதிவிட்டேன். கட்டுரை வெளியாகும் முன்பே அது தவறு என்று எனக்குத் தெரியும், என் மகள் தடுத்தும் அனுப்பினேன் என்றே எழுதியிருக்கிறேன். உன் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அதுவே ஒரு சாக்காகிவிடும். ஆகவே இன்று காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதன் நகலும் தபால் ரசீதும் இதோடு இருக்கின்றன. ரசீதில் தேதியைப் பார். அனுப்பிவிட்டேன் என்று நான் சொல்வதை மட்டும் வைத்து நீ நம்ப வேண்டியதில்லை.

நகலில் மூன்றாவது வரியில் 'வில்லை' என்று எழுதியிருக்கிறேன். உங்கள் துறையில் அதற்கு வேறு சொல் புழங்குகிறதா என்று எனக்குச் சந்தேகம். தவறாக இருந்தால் பென்சிலால் ஓரத்தில் குறித்து அனுப்பு. ஒரு சொல் போதும், கடிதம் வேண்டாம்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

அப்பா